ஆசரிப்புக் கூடார அட்டை மாடல்: வாங்கலாம், கையேடு மட்டும் கவனம்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், வேதாகமத்தில் பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் தொடங்கியதுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி. அதனால்தான், மோசே காலத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தூக்கிச்சென்ற வழிபாட்டுக் கூடாரத்தின் இந்த மாடலை ஆன்லைனில் வாங்கினேன். 400 ரேண்டுக்குச் சற்று மேல்.

அளவு விகிதம் யாத்திராகமத்தில் உள்ளபடியே இருக்கிறது. பிராகாரம் (கூடாரத்தைச் சுற்றிய முற்றம்) 100 முழ நீளம், 50 முழ அகலம். கிழக்கே 20 முழ வாசல். பலிபீடத்தின் நாலு மூலையிலும் கொம்புகூட உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது கூடாரத்தின் மூடுதிரைகள். மேலே தகசுத்தோல் (ஒருவகை மிருகத்தோல்), அடுத்து சிவப்புச் சாயமிட்ட ஆட்டுக்கடாத்தோல், அப்புறம் ஆட்டுமயிர், கடைசியில் கேருபீன் (சிறகுள்ள தூதர்) வேலைப்பாடுள்ள திரை என்று ஒவ்வொன்றாக எடுக்கலாம். வெளியே வெறும் தோல், உள்ளே பொன் பலகைகள். தோலைத் தூக்கியதும் பிள்ளைகள் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் உள்ளே மகா பரிசுத்த இடத்தை மறைக்கும் திரைச்சீலையை ஒரே அட்டையாக ஒட்டிவிட்டார்கள். இயேசு மரித்தபோது மேலிருந்து கீழ்வரை கிழிந்தது தேவாலயத்தில் இதே இடத்தில் தொங்கிய திரை அல்லவா? நானே பிளேடால் நடுவில் கீறிக்கொண்டேன். பசையும் டர்பன் புழுக்கத்துக்குத் தாங்காது. மேற்குப் பக்கத் தூண்கள் சாய்ந்துவிட்டன.

கையேட்டில் பலிகளின் அட்டவணை அருமை. எதை முழுதாக எரிப்பது, எதை ஆசாரியன் சாப்பிடுவது, சமாதான பலியில் கொண்டுவந்தவனுக்கே பங்கு உண்டு என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. எந்தப் பாவநிவாரண பலியின் இரத்தம் உள்ளே கொண்டுபோகப்பட்டதோ, அதன் உடல் பாளயத்துக்கு (இஸ்ரவேலர் முகாமுக்கு) புறம்பே எரிக்கப்படும். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் 13 அதையே இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டதோடு சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பக்கத்துக்காகவே காசு கொடுக்கலாம்.

மீதிப் பக்கங்களில் கூடார முளைக்கு ஒரு அர்த்தம், கயிற்றுக்கு ஒரு அர்த்தம். எபிரெயர் 9-ஐ எழுதியவரே உடன்படிக்கைப் பெட்டி, கேருபீன் வரை சொல்லிவிட்டு, விவரம் இப்போது வேண்டாம் என்று நகர்ந்துவிடுகிறார். இவர்கள் விடுவதாக இல்லை.

இன்னொரு குறை பெரியது. இரத்தமில்லாமல் எந்தப் பலியும் பாவத்துக்கு உதவாது என்று அடித்துச் சொல்கிறார்கள். லேவியராகமம் 5-ல், இரண்டு புறாக்குஞ்சுக்குக்கூட வழியில்லாத ஏழை எப்பாவில் (ஒரு தானிய அளவு) பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவரலாம், எண்ணெயும் சாம்பிராணியும் வேண்டாம் என்று இருக்கிறதே! எபிரெயர் 9:22-ம் ‘கொஞ்சங்குறைய’ எல்லாம் இரத்தத்தால் சுத்திகரிக்கப்படும் என்றுதான் சொல்கிறது. எங்கள் கூட்டத்துப் பாட்டிகளுக்கு அந்த மாவுதான் பிடித்துப்போனது.

வாங்கினால் நல்ல பசை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கிழக்கு வாசலை ஆட்கள் உட்காரும் பக்கம் திருப்பி வைத்தால் விளக்கச் சுலபம்.