டால்கிளிஷா, சூனஸா? ஆடிக்கொண்டே அணியை நடத்திய இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள்

போன வருடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து அணியின் பயிற்சியாளர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். "நீங்களே ஆடுங்கண்ணா, நீங்களே அணியையும் பார்த்துக்குங்க" என்று பையன்கள் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு 34 வயது. கென்னி டால்கிளிஷ் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் ஒரே நேரத்தில் பொறுப்பேற்றதும் அதே வயதில்தான். யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று யோசித்தபோது என் முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர்: டால்கிளிஷ், கிரேம் சூனஸ். பல மாதம் படித்தும் பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்தும் டால்கிளிஷ் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

இந்த இருவரைப் போல ஒப்பிடத் தோதான ஜோடி கிடைப்பது அரிது. இருவரும் லிவர்பூலில் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள். 1978 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் புரூஜ் அணிக்கு எதிரான ஒரே கோலை டால்கிளிஷ் அடித்தார். அதற்குப் பந்தைக் கொடுத்தவர் சூனஸ். டால்கிளிஷ் 1985இல் லிவர்பூலுக்கும் சூனஸ் 1986இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்கும் ஆடிக்கொண்டே மேலாளர் ஆனார்கள். அப்புறம் லிவர்பூல், பிளாக்பர்ன், நியூகாசில் ஆகிய மூன்று அணிகளையும் இருவருமே நடத்தினார்கள். மூன்றிலும் டால்கிளிஷ் முதலில், சூனஸ் பின்னால்.

ஆட்டக்காரர்களாக ஒப்பிடுவதில் எனக்கு அதிக ஆர்வமில்லை. டால்கிளிஷ் முன்களத்தில் கோலுக்கு முதுகைக் காட்டி நின்றே ஆட்டத்தைப் படித்தவர். ஸ்காட்லாந்துக்காக 102 ஆட்டம், 30 கோல். சூனஸ் நடுக்களத்தைத் தன் பட்டா நிலம் போல வைத்திருந்தவர். 1984இல் ரோமில் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிய கேப்டன். இருவருமே உச்சம்.

மேலாளர் வேலைக்கு வருவோம். டால்கிளிஷ் பொறுப்பேற்ற நேரம் கொடுமையானது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹேசல் மைதானத்தில், லிவர்பூல் ஆடவிருந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு முன், ரசிகர் கலவரத்தில் 39 பேர் இறந்தார்கள். அதை ஒட்டித்தான் அவர் அதுவரை மேலாளராக இருந்த ஜோ ஃபேகனின் இடத்துக்கு வந்தார். முதல் பருவத்திலேயே லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றார். லீகை முடிவு செய்த கோலை ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சிக்கு எதிராக அடித்தவரும் அவரே: பந்தை நெஞ்சில் வாங்கி, தரையில் விழும் முன் வலைக்குள் தள்ளினார். அந்தக் கோலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் கவனித்தது அதே பருவத்தில் அவர் எத்தனை ஆட்டங்களில் தன்னை வெளியே வைத்துவிட்டு பால் வால்ஷை இறக்கினார் என்பதை. வால்ஷுக்கு அடிபட்ட பிறகுதான் கடைசி மாதங்களில் முழுமூச்சாக ஆடினார். ஆடிக்கொண்டே அணியை நடத்துபவருக்கு, அணிப் பட்டியலில் தன் பெயரை அடிப்பதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. இந்த ஒரு வருடத்தில் அதை நான் நன்றாக உணர்ந்திருக்கிறேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது பராமரிப்பு. ஆட்டக்காரர்களுக்கு வயதாகும், சிலர் வெளியே போவார்கள். ஆளை மாற்றிக்கொண்டே வீடு இடியாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

1986 கோடையில் இயன் ரஷ் இத்தாலியின் யுவென்டஸுக்குப் போவது உறுதியாகிவிட்டது. ஒரு வருடம் மட்டும் லிவர்பூலிலேயே ஆடுவதாக ஏற்பாடு. வருடத்துக்கு முப்பது கோல் அடிக்கிறவர் போகப் போகிறார். டால்கிளிஷ் காத்திருக்கவில்லை. 1987 ஜனவரியிலேயே ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கினார். ரஷ் இருக்கும்போதே, அடுத்தவர் அரைப் பருவம் அணியோடு பழகிவிட்டார். கோடையில் வாட்ஃபோர்டிலிருந்து ஜான் பார்ன்ஸ், நியூகாசிலிலிருந்து பீட்டர் பியர்ட்ஸ்லி. அக்டோபரில் ரே ஹூட்டன். முன்பக்கம் முழுக்கப் புதிது. பின்னால் ஹேன்சன், நிக்கல், கோல் காவலில் குரோபலார் எல்லோரும் அப்படியே. ஒரு பக்கம் கூரையை மாற்றும்போது இன்னொரு பக்கத்தில் குடும்பம் படுத்துத் தூங்குகிற மாதிரி. அந்த 1987-88 அணி முதல் 29 லீக் ஆட்டங்களில் தோற்கவேயில்லை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்த்தால், இவர்கள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று நம்ப முடியாது. அந்தப் பருவத்தில் டால்கிளிஷ் தானே ஆடியது அபூர்வம்.

சூனஸின் வழி வேறு. இடித்துக் கட்டுவது. ரேஞ்சர்ஸில் அது அற்புதமாகப் பலித்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒன்பது வருடமாக லீக் பட்டமே இல்லாத அணி அது. ஹேசலுக்குப் பிறகு இங்கிலாந்து அணிகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் தடை இருந்ததைப் பயன்படுத்தி டெர்ரி புட்சர், கிறிஸ் வுட்ஸ் போன்ற இங்கிலாந்து ஆட்டக்காரர்களை வடக்கே வரவழைத்தார். 1987இல் பட்டம் வந்தது. 1989இல் கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டனை எடுத்தது இன்னும் பெரிய துணிச்சல். கத்தோலிக்கர்களை எடுப்பதில்லை என்று ரேஞ்சர்ஸ் பல காலமாகக் கட்டிவைத்திருந்த சுவரை ஒரு கையெழுத்தில் உடைத்தார். ஆனால் ரேஞ்சர்ஸுக்கு ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே சூனஸ் சிவப்பு அட்டை வாங்கினார். பட்டம் உறுதியான அபர்டீன் ஆட்டத்திலும் சிவப்பு அட்டை. கோபத்தில் இருக்கிற ஆட்டக்காரரும் நிதானமாக இருக்க வேண்டிய மேலாளரும் ஒரே சட்டைக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

அதே கடப்பாரையோடு 1991 ஏப்ரலில் லிவர்பூலுக்கு வந்தார். முந்தைய வருடம் பட்டம் வென்ற அணி. பியர்ட்ஸ்லியை அதே கோடையில் எவர்டனுக்கு விற்றார். மக்மேன், ஸ்டான்டன், ஹூட்டன் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். 29 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய டீன் சாண்டர்ஸையே அடுத்த வருடம் ஆஸ்டன் வில்லாவுக்குக் கொடுத்துவிட்டார். 1992இல் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது, லீகில் இரண்டு முழுப் பருவத்திலும் ஆறாம் இடம். 1994 ஜனவரியில் பிரிஸ்டல் சிட்டியிடம் சொந்த மைதானத்தில் தோற்றதும் விலகினார். மிக வேகமாக மாற்றிவிட்டதாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். சூனஸ் வாங்கிய வீட்டில் விரிசல் ஏற்கெனவே இருந்தது. பல ஆட்டக்காரர்கள் முப்பதை நெருங்கியோ தாண்டியோ இருந்தார்கள். 1991 ஜனவரியில் டால்கிளிஷ் வாங்கிய டேவிட் ஸ்பீடி, ஜிம்மி கார்ட்டர் இருவரும் பழைய தரத்தில் இல்லை. நான் மெச்சுகிற அந்தப் பராமரிப்பு கடைசி வருடத்தில் தளர்ந்திருந்தது. பின்னாளில் கோல்களைக் குவித்த ராபி ஃபௌலருக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தவர் சூனஸ் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த விரிசலில் யார் பங்கு எவ்வளவு என்பதில் என் தீர்ப்பு அவ்வளவு உறுதியானதல்ல.

ஆனால் டால்கிளிஷ் ஏன் தளர்ந்தார் என்பதையும் பார்க்கவேண்டும். 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானம்: லிவர்பூல் ஆட்டத்தில் ரசிகர்கள் கூட்ட நெரிசலில் நசுங்கினார்கள். இறந்தவர்கள் 97 பேர். அவர் ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போனார். குடும்பங்களோடு உட்கார்ந்தார். அதற்கு அடுத்த பருவத்தில் லீகையும் வென்றார். 1991 பிப்ரவரியில் எவர்டனோடு 4-4 சமனில் முடிந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியை விட்டு விலகினார். இதை என்னால் தோல்வி என்று எழுத முடியவில்லை.

பின்னாளில் பிளாக்பர்னை இரண்டாம் நிலை லீகிலிருந்து தூக்கி 1995இல் பிரீமியர் லீக் பட்டம் வரை கொண்டுபோனார் டால்கிளிஷ். அதே அணிக்கு சூனஸ் 2002இல் லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், அதுவும் நல்ல வேலைதான். நியூகாசில் இருவருக்குமே சரியாக அமையவில்லை.

எங்கள் அணி ஒன்பது வருடம் வறண்டு கிடந்திருந்தால் ஒருவேளை சூனஸைப் பின்பற்றியிருப்பேன். எங்களுடையது ஓரளவு நன்றாக ஓடுகிற அணி. எங்கள் முன்கள ஆள் ஜூனில் வேலைக்கு வெளியூர் போகிறான். அவன் இடத்துக்கு ஒரு பையனைப் பொங்கல் முடிந்த கையோடு சேர்த்துவிட்டேன். இப்போது இருவரும் சேர்ந்தே பயிற்சிக்கு வருகிறார்கள்.