ரெடிமேட் காப்புக்கட்டு வாங்கும் முன்: பூளை நனைந்திருக்கிறதா பாருங்கள்

பொங்கல் நோம்பிக்கு (பண்டிகைக்கு) முந்தின சாயங்காலம் வாசலில் வேப்பிலையும் பூவும் சேர்ந்த காப்புக் கொத்தைக் கட்டாத வீடு கொங்குப் பக்கம் அபூர்வம். (மாரியம்மன் நோம்பியில் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் காப்பு வேறு, இது வீட்டுக்கும் மாட்டுக் கட்டுத்தறிக்கும் விளைகிற காட்டுக்கும் கட்டுவது.) வேலியோரம் பறித்த காலம் போய், கோவை, திருப்பூர், ஈரோடு மார்க்கெட் வாசல்களில் கட்டாகவே விற்கிறார்கள். அட்டைப் பெட்டியில் அடைத்தும் வருகிறது.

வேப்பிலை, மஞ்சள் ஆவாரம்பூ, வெள்ளைப் பஞ்சு போன்ற பூளைப்பூ மூன்றும் இருந்தாக வேண்டும். மாவிலை, தும்பை, பிரண்டை சேர்ப்பது ஊருக்கு ஊர் மாறும்; இல்லையென்று குறை சொல்ல முடியாது. பூளை இல்லாத கட்டைக் காப்பென்று விற்பதுதான் அநியாயம்.

மார்க்கெட் கட்டில் கெடுவது தண்ணியால். ஆவாரைக்கு ஈரம் வேண்டும், பூளைக்கு ஆகவே ஆகாது. கடையிலோ காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தெளிக்கிறார்கள். நனைந்த பூளையின் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறமாகிவிடும். கட்டைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். தண்ணி சொட்டினாலோ மஞ்சள் இதழ் கொட்டினாலோ அங்கேயே வைத்துவிடலாம். முழுக்க விரிந்த ஆவாரம்பூ சீக்கிரம் உதிரும். பாதிக்கு மேல் மொட்டாக இருக்கும் கொத்துதான் பொங்கலன்று காலையிலும் மஞ்சளாக நிற்கும்.

ஆவாரை என்ற பேரில் ரோட்டோர மஞ்சக்கொன்னையைச் செருகினால் இலைக்காம்பின் அடி காட்டிக்கொடுத்துவிடும். ஆவாரையில் அங்கே காது மடல் போல வட்டமான செதில் தண்டை ஒட்டி நிற்கும். கொன்னையில் அப்படி இருக்காது.

பெட்டிக் கட்டை வாங்கவே வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்து வேப்பிலை ஓரம் கருத்துப்போகிறது. கட்டியிருப்பதும் ரப்பர் பேண்டில். வெயில் பட்டால் இற்று அறுந்துவிடும். அடுத்த நோம்பி வரை தொங்க வேண்டிய காப்புக்கு ரப்பர் பேண்டா? பழைய காப்பைப் போகித் தீயில் போடச் சொல்லும் சீட்டு வேறு. போகிக்குக் கொளுத்துவது சென்னைப் பக்கத்து வழக்கம், இங்கே அது அவ்வளவாகக் கிடையாது.

உதிரியாக வாங்கிக் கட்டினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஒரு காப்புக்குச் சாண் நீள வேப்பங்கொத்து 4, ஆவாரை 2, பூளை ஒரு கைப்பிடி. சிவந்த கொழுந்து வேப்பிலை சட்டென வாடும், முற்றிய இலையாக எடுங்கள். கட்டும் வரை ஆவாரையை மட்டும் சொம்புத் தண்ணியில் நிறுத்தி, பூளையைச் செய்தித்தாளில் உலர்வாக வையுங்கள். வேப்பிலை பின்னால், ஆவாரை நடுவில், பூளை முன்னால். வாழைநாரைப் பத்து நிமிஷம் ஊறவைத்துத் துடைத்து, அடிக்காம்பில் மூன்று சுற்று இறுக்குங்கள். காம்பு காயக் காயச் சுருங்கும். கட்டு தளர்ந்தால் முதலில் நழுவுவது பூளைதான்.

டூவீலருக்கு இதில் பாதி போதும். ஹெட்லைட் மேல் தொங்கவிடாமல் கண்ணாடிக் கம்பியின் அடியில் கட்டுங்கள். மேலே கட்டினால் ஓட்டும்போது பூளைப் பஞ்சு கண்ணில் விழும்.