"எந்த வேலைனாலும் செய்வேன்" சரியா, "இதை நான் செய்தேன்" சரியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளை இண்டர்வியூவுக்குத் தயார் செய்யும்போது இந்த இரண்டும் எப்போதும் மோதிக்கொள்ளும்.

முதலாவது, வீட்டில் வளர்த்த விதம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், கூடப் பிறந்தவர்கள், எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்த வருஷம். அப்புறம் ஃபைலை மடியில் இறுக்கிக்கொண்டு, "எந்த வேலைனாலும் செய்வேன் சார்." பெரியவர்கள் முன் தன்னைத் தானே புகழக்கூடாது என்றுதானே வளர்த்தோம்? தோட்ட ஆபீசில் இது எடுபடும். அங்குள்ள எழுத்தர், அதாவது கிராணிக்கு அப்பாவைத் தெரியும்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972 முதல் வளர்ந்த தொழிற்பேட்டையின் பன்னாட்டு நிறுவனங்களில் அப்பாவை யாருக்குத் தெரியும்? அங்கே அடக்கமாக இருந்தால், சொல்ல ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் ஆறு மாதம் இருந்த ஒரு தம்பி, "சும்மா லாரி எடை போட்டேன் அண்ணே" என்றான். கிண்டிக் கேட்டால், சீட்டில் அடிக்கடி தப்பு வந்ததாம். லாரி எண்ணை முதலில் எழுத வைத்து அதைக் குறைத்தது இவன்தான்! இதைச் சொல்வது பீற்றல் இல்லை தம்பி, நடந்தது.

ஆகவே பினாங்குக்கு இரண்டாவது வழிதான் என்பேன். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து செய்ததை "நான்" என்று மாற்றச் சொல்ல மாட்டேன். சட்டை, நேரம், வணக்கம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

வெள்ளிக்கிழமை தம்பிக்கு இண்டர்வியூ. தினமும் ராத்திரி எடைமேடைக் கதையை எனக்குச் சொல்லிப் பார்க்கிறான்.