பழைய மாருதி 800-க்கு ஆல்டர்னேட்டர் பெல்ட் மாற்றம்: தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்

எங்கள் வீட்டில் இருப்பது 1999-ஆம் ஆண்டு வாங்கிய, ஏசி இல்லாத மாருதி 800. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தும். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் காட்டியபோது பெல்ட்டை இன்னும் இறுக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று அனுப்பினார். மூன்றே வாரத்தில் சத்தம் திரும்பியது. வியாசர்பாடியில் தேங்கியிருந்த மழைநீரில் இறங்கி வந்த அன்று டாஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரியத் தொடங்கியது. அதன் பிறகுதான், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உள்ள இந்த ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பெயர்ப்பலகையில் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. வாசலில் நிற்கும் ஆட்டோக்களே அடையாளம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மெக்கானிக் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டிய முள், ஹெட்லைட்டைப் போட்டதும் 12-க்கு இறங்கியது. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் போல்ட்டில் கைவைத்தார். அது கடற்காற்றில் துருவேறி அசையவில்லை. சுத்தியலை எடுக்காமல், துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு அரைமணி நேரம் வேறு வேலையைப் பார்த்தார். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது, ஏனெனில் அவசரப்பட்டு அடித்தால் ஆல்டர்னேட்டரில் போல்ட் மாட்டும் அலுமினியக் காது உடைந்து, பெல்ட் செலவு பல ஆயிரங்களில் போய் நிற்கும்.

கழற்றிய பெல்ட்டை உட்புறம் வெளியே தெரியும்படி வளைத்துக் காட்டினார். குறுக்கே முடி முடியாக விரிசல்கள். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. வி வடிவப் பெல்ட் புல்லியை, அதாவது அது ஓடும் பள்ளமுள்ள சக்கரத்தை, பிடிப்பது பக்கங்களால்தான் என்பதால், அவை தேய்ந்த பெல்ட் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து வழுக்குகிறது. அதை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, பேரிங்குகள்தான் கெடும். "பெல்ட் மேல தப்பு இல்ல சார், மாத்த வேண்டியத இழுத்துக் கட்டிட்டாங்க" என்றார். ஷெட்டில் எல்லோரும் இதைப் பேன் பெல்ட் என்றே சொல்கிறார்கள், ஆனால் இந்த வண்டியில் ரேடியேட்டர் பேன் கரண்டில் தனியாக ஓடுகிறது. பெல்ட் சுழற்றுவது ஆல்டர்னேட்டரையும், என்ஜினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பையும்தான். ஆகவே அது அறுந்தால் சார்ஜ் நிற்பதோடு போகாது, என்ஜினும் சூடேறிவிடும்.

புதிய பெல்ட்டை மாட்டுமுன் இரண்டு புல்லிகளையும் கையால் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். வாட்டர் பம்பில் குறையில்லை. ஆல்டர்னேட்டர் பேரிங் சற்று வறண்ட ஓசை எழுப்பியது. இப்போது மாற்றியே தீர வேண்டும் என்று அவர் வற்புறுத்தாமல், மழைக்காலம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அமுங்கும்வரை இறுக்கினார். மீட்டர் இப்போது 14.1 காட்டியது. புதிய பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் தளரும் என்பதால் 300 கிலோமீட்டர் கழித்து வரச் சொன்னார். போனபோது காசு வாங்காமல் மறுபடி இறுக்கிக் கொடுத்தார்.

பெல்ட்டுக்கு 260 ரூபாய், கூலி 300 ரூபாய். கூலியை முன்கூட்டியே சொல்லவில்லை, கேட்ட பிறகும் அச்சடித்த பில் கிடைக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில்தான் எழுதிக் கொடுத்தார். எனக்கு இது குறைதான், கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இன்னும் பெரிய குறை. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. சனிக்கிழமை ஆட்டோக்களின் வரிசையிலேயே அரைநாள் போய்விடும் என்பதால், வார நாளில் காலை பத்து மணிக்குள் போவது நல்லது.