அடுக்கு மாதிரியா, கொத்து மாதிரியா?

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் 400 பேரிடம் பச்சைத் தேயிலை விலை பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்றால், அந்த ஆட்களைத் தேர்ந்தெடுக்க என் ஓட்டு அடுக்கு முறைக்குத்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலுகாவையும் ஆறு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றிலும் குலுக்கிப் போட்டு ஆள் எடுப்பது. கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும், கோத்தகிரி வடகிழக்கைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. இரண்டு பக்கத்துக் குரலும் கட்டாயம் வந்துவிடும். ஆனால் விவசாயிகளின் முழுப் பட்டியல் கையில் வேண்டும், அப்புறம் மலை முழுக்க பஸ்ஸில் அலைய வேண்டும்.

கொத்து முறையில் அலைச்சல் குறைவு. 20 ஹட்டிகளை, அதாவது மலைக் கிராமங்களை, கொத்துகளாகக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 பேரைக் கேட்டால் முடிந்தது. சிக்கல் என்னவென்றால், ஒரே ஹட்டிக்காரர்கள் பல நேரம் ஒரே ஃபேக்டரிக்கு இலை போடுவார்கள், சாயங்காலம் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து அதே விலையைப் பற்றித்தான் பேசுவார்கள், அதனால் பதிலும் ஒன்றுபோல வரும். ஒரே கொத்துக்குள் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அந்த உள்கொத்துத் தொடர்பு வெறும் 0.05 என்றாலே 1 + 19 × 0.05 = 1.95 (ஹட்டியில் ஒருவர் போக மீதி 19 பேர்). 400-ஐ இதால் வகுத்தால், உங்கள் 400 பேர் கிட்டத்தட்ட 205 பேருக்குத்தான் சமம்! ஆம், இல்லை என்று பாதிப் பாதியாகப் பிரியும் கேள்வியில், 95% நம்பிக்கை அளவில் ±4.9% இருக்க வேண்டிய மாதிரிப் பிழை ±6.8% ஆகிவிடும்.

சரி, கையில் காசில்லை, கொத்துதான் வழி என்றால் 40 ஹட்டி, ஹட்டிக்குப் பத்துப் பேர் என்று மாற்றுங்கள். பிழை ±5.9%க்கு இறங்கும்.