ஒரு கிளாஸ், பல வேலைகள்: காப்பியா, ஃபேக்டரியா, உள்ளே ஓர் ஆப்ஜெக்ட்டா?

ஒரு கடை புரோகிராமில் பில்லுக்கும் கொட்டேஷனுக்கும் பிரின்ட் வேண்டும், பில்லுக்கும் ஸ்டாக் கணக்குக்கும் மாற்ற வரலாறு வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015-இல் வந்த கிளாஸோ (ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு) எக்ஸ்டென்ட்ஸ் போட்டால் ஒரே ஒரு அப்பாவை, அதாவது ஒரே ஒரு மூலக் கிளாஸைத்தான் ஏற்கும். அப்போது இரண்டு வேலைகளையும் ஒரே கிளாஸில் சேர்க்கக் கையில் இருப்பவை மூன்று வழிகள்.

முதலாவது, ஆப்ஜெக்ட்.அசைன் வைத்து மெத்தட்களை (கிளாஸின் ஃபங்ஷன்களை) புரோட்டோடைப்பில், அதாவது கிளாஸின் எல்லா ஆப்ஜெக்ட்களும் மெத்தட்களைத் தேடும் பொது இடத்தில், காப்பி அடிப்பது. ஒரே வரிதான், ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை போய்விட்டது. காப்பி எடுக்கும் மூலமே ஒரு கிளாஸின் புரோட்டோடைப்பாக இருந்தால் ஒரு மெத்தட்கூட வந்து சேராது, எரரும் வராது, ஏனென்றால் கிளாஸ் மெத்தட்கள் எண்ணுகையில் அகப்படாதவை. கெட்டர் (படிக்கும்போதெல்லாம் ஓடி மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் ஃபங்ஷன்) இருந்தால் இன்னும் மோசம். விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கித் தரும் 'மொத்தம்' என்ற கெட்டரை வைத்துப் பாருங்கள்: காப்பி ஆகும் அந்த நொடியிலேயே அது ஓடிவிடும், அங்கே விலையும் இல்லை எண்ணிக்கையும் இல்லை, அதனால் நேன் ('எண் அல்ல') என்ற மதிப்பு உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எந்த பில்லைத் திறந்தாலும் மொத்தம் நேன்தான்.

இரண்டாவது, ஒரு கிளாஸை வாங்கி அதை நீட்டித்த புதுக் கிளாஸைத் திருப்பித் தரும் ஃபங்ஷன், அதாவது ஃபேக்டரி. கெட்டர் கெட்டராகவே இருக்கும், அப்பாவின் மெத்தட்டைக் கூப்பிடும் சூப்பர் சரியான இடத்துக்குப் போகும். இரண்டு மிக்ஸினில் (இப்படிக் கிளாஸில் கலக்கும் மெத்தட் தொகுப்பு) ஒரே பெயரில் மெத்தட் இருந்தால் வெளியே இருப்பது முந்திக்கொள்ளும், ஆனால் சூப்பர் வழியாக உள்ளே இருப்பதையும் கூப்பிடலாம்; காப்பி முறையில் பழையது அழிந்தே போயிருக்கும். தொல்லை என்று பார்த்தால், சுற்றும் வரிசை மாறினால் நடத்தையும் மாறும், இந்த ஆப்ஜெக்ட்டில் அந்த மிக்ஸின் இருக்கிறதா என்று வகையைச் சோதிக்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்து நேரடியாகக் கேட்கவும் முடியாது, அதற்கு அந்தச் சோதனையின் விடையை நாமே தீர்மானிக்கும் சிம்பல்.ஹேஸ்இன்ஸ்டன்ஸ் எழுத வேண்டும்.

மூன்றாவதில் பரம்பரையே கிடையாது. வரலாறு என்பது தனி ஆப்ஜெக்ட், அதை பில் தன் பிரைவேட் ஃபீல்டில் (வெளியிலிருந்து தொட முடியாத இடத்தில்) வைத்துக்கொண்டு வேலை ஏவும். வெளியே தெரிய வேண்டிய ஒவ்வொரு மெத்தட்டுக்கும் கையால் ஒரு வரி எழுத வேண்டியிருப்பது சலிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டாம், பெயர் மோதாது, தனியாக டெஸ்ட் செய்யலாம். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் குழு 2016-இல் மிக்ஸின் வேண்டாம் என்று எழுதியபோது சொன்ன காரணங்களில் பெயர் மோதலும் உண்டு, மறைந்திருக்கும் சார்பும் உண்டு.

என் கணக்கு இதுதான்: தனக்கென்று நினைவு வைத்துக்கொள்ளும் வேலை என்றால் மூன்றாவது வழி, அப்பாவின் மெத்தட்டை இடைமறித்துக் கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்றால் ஃபேக்டரி. அதனால் பில்லில் பிரின்ட் ஃபேக்டரியாக இருக்கிறது, வரலாறு உள்ளே ஆப்ஜெக்ட்டாக இருக்கிறது. அதற்காகக் கையால் எழுதியது பதிவுசெய், பின்வாங்கு, பட்டியல் என்ற மூன்று வரிகள் மட்டுமே.