டீகம்ப்ரஷன் நோய்க்கு ஆக்சிஜன்: டிமாண்ட் வால்வா, பை வைத்த மாஸ்க்கா?

ஸ்கூபா டைவிங் முடித்து மேலே வந்தவருக்கு மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் தொடங்கினால் அது டீகம்ப்ரஷன் நோயாக (ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழாவது) இருக்கலாம்; மல்லாக்கப் படுக்கவைத்து உடனே ஆக்சிஜன் கொடுங்கள்.

நினைவோடு நன்றாக மூச்சு இழுப்பவருக்கு டிமாண்ட் வால்வுதான் எங்கள் தேர்வு. இழுக்கும்போது மட்டுமே வாயு வரும். மாஸ்க் சரியாகப் பொருந்தினால் கிட்டத்தட்ட 100% ஆக்சிஜன் கிடைக்கும். உடம்பில் தங்கிய நைட்ரஜன் வேகமாக வெளியேற அந்தச் செறிவு அவசியம். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பை வைத்த நான்-ரீபிரீதர் (வெளிவிட்ட மூச்சு பைக்குள் திரும்பாத) மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 640 லிட்டர் சிலிண்டர் சுமார் 42 நிமிடத்தில் காலி. படகு கரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் நின்றால் யோசித்துப் பாருங்கள்! ஓரக் கசிவால் செறிவும் குறையும். ஆனால் மூச்சு மேலோட்டமாக இருந்தால் டிமாண்ட் வால்வு திறக்காது. அப்போது இந்தப் பை மாஸ்க்தான் வழி. மாட்டும் முன், மாஸ்க்குக்கும் பைக்கும் நடுவிலுள்ள உள்வால்வை விரலால் மூடிப் பையை நிரப்புங்கள். மூச்சிழுக்கையில் பை முழுக்கச் சுருங்கினால் ஓட்டத்தைக் கூட்டுங்கள். நினைவு மங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

வலி விட்டதென்று ஆக்சிஜனை நிறுத்தாதீர்கள். மருத்துவர் கையில் ஒப்படைக்கும்வரை ஓடட்டும்.